கோழிக் கூட்டை மூடினீர்களா?

கொல்லையில் நான்கு கோழிகள் இருந்தால் போதும். முட்டைக்காகக் கடைக்கு ஓட வேண்டியதில்லை!

கிராமத்து வீடுகளில் ஆடும் மாடும் பெரும்பாலும் ஆண்கள் கணக்கு. கோழி மட்டும் பெண்கள் கணக்கு. முட்டை விற்ற காசு அடுக்களை டப்பாவில் சேரும். அதற்குச் "சிறுவாட்டுப் பணம்" என்று பெயர். பிள்ளைக்கு நோட்டுப் புத்தகம் வாங்க அதுதான் கை கொடுக்கும். நள்ளிரவில் குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் வண்டிச் சத்தத்துக்கும் அதுதான்.

ஆனால் அந்தச் செல்வம் ஒரே இரவில் அழிந்துபோவதும் உண்டு. காலையில் கூட்டைத் திறந்தால் இறகுகள்தான் கிடக்கும்!

"வேளை தவறாமல் தீனி போடுகிறோம். ஆனாலும் முட்டை குறைகிறதே! கோழியும் தங்குவதில்லையே! ஏன்?" என்று பல தாய்மார்கள் கேட்கிறார்கள்.

பகலில் கோழி மேய்வதை எல்லோரும் பார்க்கிறார்கள். இரவில் அது எப்படி இருக்கிறது என்பதைப் பார்ப்பவர்கள் குறைவு. கோழி வளர்ப்பின் வெற்றியும் தோல்வியும் இரவில்தான் இருக்கிறது.

முட்டை உருவாவது எப்படி?

ஒரு முட்டை உருவாக ஏறத்தாழ 25 மணி நேரம் ஆகும்.

முதலில் மஞ்சள் கரு வெளிப்படும். அதைச் சுற்றி வெள்ளைக் கரு சேர 3 மணி நேரம் பிடிக்கும். பிறகு மெல்லிய சவ்வு போர்த்திக்கொள்ளும். அதற்கு ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல் ஆகும். மீதி நேரம் முழுவதும் ஓடு உருவாவதற்குத்தான். அதற்கு மட்டும் சுமார் 20 மணி நேரம்!

கோழி பெரும்பாலும் காலையில் முட்டையிடும். ஆகவே அடுத்த முட்டையின் ஓட்டில் பெரும்பகுதி மாலையிலிருந்து விடியும் வரை உருவாகிறது. நாம் தூங்குகிறோம், கோழியின் வயிற்றில் வேலை நடக்கிறது.

ஒரு நாளைக்கு 24 மணி நேரம். முட்டைக்கோ 25 மணி நேரம். அதனால் ஒவ்வொரு நாளும் முட்டையிடும் நேரம் சற்றுத் தள்ளிப்போகும். பிற்பகல் வரை தள்ளிப்போனதும் கோழி ஒரு நாள் ஓய்வு எடுத்துக்கொள்ளும். இது இயற்கை. "இன்று முட்டை இல்லையே!" என்று கோபித்துக்கொள்ள வேண்டாம்.

இன்னொரு சந்தேகமும் பலருக்கு உண்டு. சேவல் இல்லாவிட்டால் கோழி முட்டையிடுமா? இடும்! ஆனால் அந்த முட்டை பொரிக்காது. சாப்பிட மட்டும்தான் முட்டை வேண்டும் என்றால் சேவல் தேவையே இல்லை.

கூடு எப்படி இருக்க வேண்டும்?

காட்டுக் கோழி இரவில் மரக்கிளையில் ஏறி உறங்கும். வீட்டுக் கோழியும் அதன் வம்சம்தான். அதற்கும் உயரத்தில் உட்கார்ந்து தூங்கத்தான் பிடிக்கும். காலை மடக்கி உட்கார்ந்தால் அதன் விரல்கள் தாமாகவே கம்பைப் பற்றிக்கொள்ளும். அதனால் தூங்கும்போதும் விழாது.

இரவில் மட்டும் அடைக்கும் கூட்டில் ஒரு கோழிக்கு 2 சதுர அடி இடம் வேண்டும். பத்துக் கோழிகளுக்கு 5 அடி நீளம், 4 அடி அகலம் உள்ள கூடு போதும். நெருக்கி அடைத்தால் ஒன்றை ஒன்று கொத்தும். நோயும் சீக்கிரம் பரவும்.

கூடு தரையிலிருந்து 2 அடி உயரத்தில் கால்கள் மேல் நிற்கட்டும். நீளவாட்டம் கிழக்கு மேற்காக இருக்கட்டும். அப்போது வெயில் நேராக உள்ளே அடிக்காது. நீளமான இரு பக்கங்களிலும் கம்பி வலை அடியுங்கள். காற்று தாராளமாக வந்து போக வேண்டும். கூரைக்குத் தென்னங்கீற்று நல்லது. தகரம் போட்டால் அதன் மேல் கீற்றுப் பரப்புங்கள். இல்லாவிட்டால் சித்திரை வெயிலில் கூடு அடுப்பாகிவிடும்!

உள்ளே குறுக்காக ஒரு கம்பு வைக்க வேண்டும். அது 2 அங்குலம் பருமனாக, முனை மழுங்கியதாக இருக்கட்டும். ஒரு கோழிக்கு 8 அங்குலம் என்று கணக்கு வைத்துக்கொள்ளலாம்.

முட்டையிடுவதற்குத் தனி இடம் வேண்டும். ஓர் அடி நீளம், ஓர் அடி அகலம் உள்ள பெட்டி போதும். அகன்ற பழைய சட்டியும் ஆகும். உள்ளே வைக்கோல் போட்டு இருட்டான மூலையில் வையுங்கள். நான்கைந்து கோழிகளுக்கு ஒரு பெட்டி போதும். பெட்டி கம்பைவிடத் தாழ்வாக இருக்க வேண்டும். உயரமாக இருந்தால் கோழி அதிலேயே படுத்து எச்சமிடும். முட்டை அழுக்காகும்.

தரையில் உமியோ மரத்தூளோ 3 அங்குலம் பரப்புங்கள். வாரம் ஒரு முறை கிளறிவிடுங்கள். கூட்டுக்குள் தலையை நீட்டினால் கண் எரிகிறதா? உமியை மாற்றும் நேரம் வந்துவிட்டது என்று அர்த்தம்! பழைய உமியை வீணாக்காதீர்கள். மட்கவைத்தால் கத்தரிச் செடிக்கும் வாழைக்கும் நல்ல எரு.

இரவுத் திருடர்கள்

கோழிக்கு இருட்டில் கண் சரியாகத் தெரியாது. எதிரி வந்தால் ஓடவும் முடியாது. கம்பிலேயே உட்கார்ந்திருக்கும். மரநாய், காட்டுப்பூனை, பெருச்சாளி, பாம்பு எல்லாம் இதைத் தெரிந்து வைத்திருக்கின்றன.

கம்பி வலையின் கண் அரை அங்குலத்துக்கு மேல் இருக்கக் கூடாது. பெரிய கண் உள்ள வலை கோழியைத்தான் தடுக்கும். பாம்பைத் தடுக்காது! கூட்டின் கால்களில் தகரத்தைச் சுற்றி அடித்தால் பெருச்சாளி ஏற முடியாமல் வழுக்கும். எறும்புத் தொல்லை இருந்தால் கால்களைத் தண்ணீர்க் கிண்ணத்தில் நிறுத்துங்கள்.

கதவுக்கு வெறும் கயிறு போதாது. நல்ல தாழ்ப்பாள் வேண்டும். இருட்டுவதற்கு முன் கோழிகளை எண்ணி அடையுங்கள். எண்ணிக்கை குறைந்தால் அப்போதே தேடுங்கள். விடிந்த பிறகு தேடிப் பயன் இல்லை.

இந்தப் பொறுப்பை வீட்டில் ஒருவரிடம் ஒப்படைப்பது நல்லது. பள்ளிக்கூடம் போகும் பிள்ளையே செய்யலாம். "அவன் மூடியிருப்பான்" என்று இவளும், "அவள் மூடியிருப்பாள்" என்று அவனும் இருந்துவிட்டால் மரநாய்க்குக் கொண்டாட்டம்!

தண்ணீரும் தீனியும்

முட்டையில் மூன்றில் இரண்டு பங்கு தண்ணீர்தான். கோழிக்குத் தண்ணீர் இல்லையென்றால் முட்டையும் இல்லை. கோழிக்கு வியர்க்காது. வெயிலில் வாயைத் திறந்து இரைத்துத்தான் சூட்டைத் தணித்துக்கொள்ளும். ஆகவே கோடையில் நிழலான இடத்தில் மண் சட்டியில் தண்ணீர் வையுங்கள். காலையும் மாலையும் மாற்றுங்கள்.

குருணை, கம்பு, சோளம், தவிடு, மிச்சச் சோறு எல்லாம் கொடுக்கலாம். ஆனால் வெறும் தானியம் போதாது. முட்டைக்குப் புரதச் சத்து வேண்டும். கொல்லையில் மேயும் கோழி புழு பூச்சியில் அதைத் தேடிக்கொள்ளும்.

காசு செலவில்லாத வழி ஒன்றும் உண்டு. ஒரு பழைய பானையில் கிழிந்த சாக்கு, காய்ந்த சாணம், வைக்கோல் ஆகியவற்றை அடைத்துத் தண்ணீர் தெளியுங்கள். கறையான் நடமாடும் இடத்தில் மாலையில் அதைக் கவிழ்த்து வையுங்கள். மறுநாள் காலையில் பானை நிறையக் கறையான் இருக்கும். குஞ்சுகளுக்கு அது விருந்து!

முட்டை ஓடு சுண்ணாம்புச் சத்தால் ஆனது. அந்தச் சத்து தீனியில் போதவில்லை என்றால், கோழி தன் எலும்பிலிருந்தே அதை எடுத்து ஓடு செய்யும். தாயின் எலும்பு தேயும். ஓடும் மெல்லியதாகும். கிளிஞ்சலை இடித்து ஒரு கிண்ணத்தில் வையுங்கள். முட்டை ஓட்டையே காயவைத்துப் பொடி செய்தும் வைக்கலாம். மாலையில் கட்டாயம் கிடைக்க வேண்டும். இரவு வேலைக்கு அதுதான் சரக்கு!

அடைக் கோழி

நாட்டுக் கோழி பத்துப் பதினைந்து முட்டை இட்டதும் அடைக்கு உட்கார்ந்துவிடும். 21 நாளில் குஞ்சு பொரிக்கும். பிறகு குஞ்சுகளோடு இரண்டு மூன்று மாதம் திரியும். அதுவரை முட்டை கிடையாது. நாமக்கல் பண்ணைகளில் உள்ள வெள்ளைக் கோழி ஆண்டுக்கு 300 முட்டை வரை இடுகிறது. நாட்டுக் கோழி 60, 80 என்று நிற்பதற்கு இந்த அடைதான் முக்கியக் காரணம்.

குஞ்சு வேண்டுமென்றால் அடை வைக்கலாம். ஏழாம் நாள் இருட்டறையில் முட்டைக்குப் பின்னால் டார்ச் விளக்கைப் பிடித்துப் பாருங்கள். உள்ளே சிவப்பு நரம்பு தெரிந்தால் கரு வளர்கிறது. ஒன்றும் தெரியாவிட்டால் அந்த முட்டையை எடுத்துவிடுங்கள்.

குஞ்சு வேண்டாமா? கோழியைத் தண்ணீரில் முக்கி வதைக்க வேண்டாம். அடியில் காற்றோட்டம் உள்ள கம்பிக் கூண்டில், வைக்கோல் போடாமல், தீனியும் தண்ணீரும் வைத்துச் சில நாள் அடையுங்கள். அடை எண்ணம் தெளிந்துவிடும். பிறகு மீண்டும் முட்டைக்கு வரும்.

வெள்ளைக் கழிச்சல்

மரநாய் ஒரு கோழியைத் தூக்கும். வெள்ளைக் கழிச்சல் வந்தால் தெருவில் ஒரு கோழி மிஞ்சாது!

இதற்கு ராணிக்கேத் நோய் என்றும் பெயர். 1920-களின் பிற்பகுதியில் இமயமலை அடிவாரத்து ராணிக்கேத் ஊரில் கண்டறியப்பட்டதால் வந்த பெயர் அது. 1926-இல் இங்கிலாந்தின் நியூகாசில் நகரிலும் இது தோன்றியது. அதனால் மற்ற நாடுகளில் நியூகாசில் நோய் என்பார்கள்.

கோழி வெள்ளையாகவோ பச்சையாகவோ கழியும். வாயைத் திறந்து மூச்சு வாங்கும். கழுத்து முறுக்கிக்கொள்ளும். காலும் இறக்கையும் விழுந்துவிடும். வந்த பிறகு குணப்படுத்த மருந்து கிடையாது. வருமுன் காப்பது ஒன்றே வழி.

குஞ்சு பிறந்த முதல் வாரத்தில் கண்ணிலோ மூக்கிலோ சொட்டு மருந்து விட வேண்டும். எட்டாவது வாரத்தில் இறக்கையின் அடியில் ஊசி போட வேண்டும். தமிழ்நாட்டில் கால்நடை பராமரிப்புத் துறை, கோடைக்கு முன்னதாக, பிப்ரவரி மாதத்தில் இதற்கு முகாம் நடத்துவது வழக்கம். பக்கத்துக் கால்நடை மருந்தகத்தில் கேட்டால் நாள் சொல்வார்கள். உங்கள் கோழிக்கு மட்டும் போட்டால் போதாது. பக்கத்து வீட்டாரையும் அழைத்துச் செல்லுங்கள்.

சந்தையில் வாங்கிய கோழியை அன்றே மற்றக் கோழிகளோடு விடாதீர்கள். இரண்டு மூன்று வாரம் தனியாக வைத்துப் பாருங்கள். திடீரென்று கோழி செத்தால் அதைச் சமைக்க வேண்டாம். குழி தோண்டிச் சுண்ணாம்பு போட்டுப் புதையுங்கள். பல கோழிகள் அடுத்தடுத்துச் செத்தால் உடனே கால்நடை மருத்துவரிடம் சொல்லுங்கள்.

பேன், உண்ணித் தொல்லையும் உண்டு. அவற்றில் சில பகலில் கூட்டின் இடுக்கில் ஒளிந்து, இரவில் வந்து இரத்தம் குடிக்கும். கூட்டுக்கு அவ்வப்போது சுண்ணாம்பு அடியுங்கள். ஒரு மூலையில் அடுப்புச் சாம்பலும் மணலும் கலந்து கொட்டிவையுங்கள். கோழி அதில் புரண்டு தானே சுத்தம் செய்துகொள்ளும்.

செலவு எவ்வளவு?

பழைய பலகை, கொஞ்சம் கம்பி வலை, நாலு கீற்று, ஒரு தாழ்ப்பாள். பெரிய செலவு இல்லை. மாலையில் பத்து நிமிட வேலை. கிண்ணத்தில் கிளிஞ்சல் இருக்கிறதா? சட்டியில் தண்ணீர் இருக்கிறதா? கோழிகள் எண்ணிக்கை சரியா? தாழ்ப்பாள் போட்டாயிற்றா? இந்த நான்கையும் பார்த்துவிட்டுப் படுக்கப் போங்கள்.

காலையில் கூட்டைத் திறக்கும்போது, வைக்கோல் மேல் சூடு ஆறாத முட்டை இருக்கும். அது பிள்ளைகளின் தட்டுக்கும் போகலாம்; சிறுவாட்டு டப்பாவுக்கும் போகலாம்!