சிற்றூரும் அதன் ஆட்டமும்

விளையாட்டினால் வரும் ஊதியம் யாது என்று நம் வகுப்பிலே மாணவனொருவன் வினவினான். விடையாக, அயர்லாந்து தேசத்துச் சிற்றூர் ஒன்றின் கதையைக் கூறினோம். அதனையே ஈண்டும் எடுத்துரைக்க விழைகின்றோம்.

அவ்வூரின் பெயர் பாலிஹேல். கில்கெனி மாவட்டத்தின் தென்பாலுள்ளது. அங்கு ஆடப்படுவது ஹேர்லிங் எனும் தொன்மையான ஆட்டம். அணிக்குப் பதினைவர், கையிலே ஆஷ் மரத்திற் செதுக்கிய வளைகோல், தோலுறையிட்ட சிறுபந்து. பந்து இலக்கின் குறுக்குச் சட்டத்துக்குக் கீழாகப் புகுந்தால் மூன்று புள்ளிகள். மேலாகச் சென்றால் ஒரு புள்ளி.

ஆங்கிலர் ஆட்சிக்காலத்தில் நலிவுற்றிருந்த இவ்வாட்டத்தைப் பேணும்பொருட்டு, 1884 ஆம் ஆண்டு நவம்பர் முதலாந் திகதி, தேர்ள்ஸ் நகரிலே கேலிக் விளையாட்டுச் சங்கம் நிறுவப்பட்டது. அதற்கு முன்னின்றவர் மைக்கேல் கியூசக். அவரும் நம்மைப் போல் ஓர் ஆசிரியரே. பின்னர் கத்தோலிக்கப் பங்குகளை அடிப்படையாகக் கொண்டு ஊர்தோறும் கழகங்கள் எழுந்தன. பிறந்த மண்ணுக்கே ஆடுதல் வழக்கமாயிற்று. கூடுதற் பணங்கொடுத்து வேற்றூரார் வீரரை வாங்குதல் அங்கில்லை.

பாலிஹேல் ஷம்ரொக்ஸ் கழகம் 1972 இல் உதித்தது. 1981 இல் அகில அயர்லாந்துக் கழகக் கிண்ணத்தை அது முதன்முறை வென்றபோது, அணியில் ஆடியோருள் எழுவர் ஒரே வீட்டுச் சகோதரர்! ஃபெனலி என்பது அக்குடும்பப் பெயர். 2023 வரையில் ஒன்பது தடவை அக்கிண்ணம் இவ்வூருக்கு வந்துள்ளது. கில்கெனி அணியிலே பத்து அகில அயர்லாந்துப் பதக்கங்களை ஈட்டிய ஹென்றி ஷெஃப்லினும் இக்கழகத்தவரே.

இத்துணைப் புகழ் பெற்றோருக்கும் ஆட்டத்துக்கெனச் சம்பளம் கிடையாது. பகலிலே பண்ணையிலோ பாடசாலையிலோ அலுவலகத்திலோ தொழில், மாலையிலே பயிற்சி.

2018 இல் யுனெஸ்கோ நிறுவனம் ஹேர்லிங்கை மானிடகுலத்தின் மரபுரிமைகளுள் ஒன்றாகப் பட்டியலிட்டது. எனினும் கவலைகளும் உள. 2012 இல் அயர்லாந்திற் கண்டறியப்பட்ட ஒருவகைப் பூஞ்சண நோய், கோலுக்குரிய ஆஷ் மரங்களை அழித்து வருகின்றது. தொழில் நாடி இளைஞர் நகரங்களுக்கும் பிறநாடுகளுக்கும் செல்ல, பதினைவரைத் திரட்ட இயலாது அயலூரோடு இணைந்த கழகங்களும் பல. மரம் பட்டுப்போனால் வேறு மரம் தேடலாம். பிள்ளைகள் போய்விட்டால் ஊர் எங்ஙனம் ஆடும்?

கதையைக் கேட்டிருந்த மாணவன், "அவ்வாறாயின் அவர்கள் யாருக்காக ஆடுகின்றார்கள், ஐயா?" என்றான். முன்னர் கேட்டதினும் இதுவே நல்ல வினா என்று கூறி, அவனை அமரச் செய்தோம்.