வாங்காத கடன்

2022 ஏப்ரலில் இந்தி நடிகர் ராஜ்குமார் ராவ் ட்விட்டரில் ஒரு புகார் எழுதினார். தன் பான் கார்டை வைத்து யாரோ கடன் வாங்கிவிட்டார்கள், அதனால் தன் சிபில் ஸ்கோர் அடிபட்டுவிட்டது என்றார். கடன் தொகை 2,500 ரூபாய். அதற்கு இரண்டு மாதம் முன்புதான் நடிகை சன்னி லியோனியும் இதே புகாரைச் சொல்லியிருந்தார். அவர் பெயரில் வாங்கப்பட்டது 2,000 ரூபாய்.

சினிமா நட்சத்திரத்தின் பெயரைப் பயன்படுத்தி, ஒரு மாத மளிகைக்குக்கூடப் போதாத பணத்தையா எடுப்பார்கள் என்று பலர் சிரித்தார்கள். எடுத்தவர் விவரம் தெரிந்தவர்தான். சின்னத் தொகைக் கடனுக்குச் செயலிகளில் சில நிமிடம் போதும். வீடு தேடி வந்து விசாரிக்கிறவர் கிடையாது. பெயருக்கு உரியவருக்கோ, வீட்டுக் கடனுக்கோ வண்டிக் கடனுக்கோ வங்கி கையை விரிக்கும்வரை எதுவும் தெரியப்போவதில்லை. சன்னி லியோனிக்குச் சீக்கிரமே சரிசெய்து கொடுத்தார்கள். அவரும் நன்றி சொல்லிப் பதிவிட்டார். திருப்பூர் பனியன் கம்பெனியில் தையல் மெஷின் ஓட்டுகிறவருக்கு அந்த மரியாதை கிடைக்காது. அவரேதான் நடையாய் நடக்க வேண்டும்.

பான் எண் எப்படி வெளியே போகிறது என்று துருவிப் பார்த்தால், பாதி நேரம் கம்ப்யூட்டருக்கே வேலை இருக்காது. லாட்ஜில் அறை கேட்டால், "சார், ஆதார் ஜெராக்ஸ் ஒண்ணு குடுங்க." சிம் வாங்கினால் ஒன்று. வாடகை வீட்டுக்கு ஒன்று, வேலைக்கு ஒன்று, தவணையில் டி.வி. எடுத்தால் பானும் ஆதாரும் சேர்த்து இரண்டு. எதற்காகக் கொடுத்தோம் என்று நகலின் மேல் எழுதும் பழக்கம் நம்மிடம் அறவே இல்லை. கீழே ஒரு கையெழுத்து மட்டும் போட்டு, வேறு யார் வேண்டுமானாலும் வேறு எதற்கு வேண்டுமானாலும் பயன்படுத்திக்கொள்ளத் தோதாகக் கொடுத்துவிட்டு வருகிறோம். இப்போது வாட்ஸ்அப்பில் படமாகவே அனுப்பிவிடுவதால் ஜெராக்ஸ் செலவும் மிச்சம்.

இதில் அரசுக்கே ஒரு தடுமாற்றம் இருந்தது. 2022 மே மாதம் ஆதார் ஆணையத்தின் பெங்களூரு அலுவலகம், ஆதார் நகலை எந்த நிறுவனத்திடமும் கொடுக்காதீர்கள், தவறாகப் பயன்படுத்தப்படலாம் என்று எச்சரித்தது. நாடு முழுக்கப் பதற்றம். இரண்டே நாளில் அந்த அறிவிப்பு திரும்பப் பெறப்பட்டது. வழக்கமான கவனத்தோடு இருந்தால் போதும் என்றார்கள். அந்த அறிவிப்பு சொன்ன ஒரு யோசனை மட்டும் இன்றைக்கும் நல்ல யோசனை. முதல் எட்டு எண்களை மறைத்து, கடைசி நான்கை மட்டும் காட்டும் ஆதாரை ஆணையத்தின் இணையதளத்திலேயே இறக்கிக்கொள்ளலாம். அடையாளம் காட்ட மட்டும் கேட்கிற இடத்தில் அதைக் கொடுக்கலாம். முழு நகல்தான் வேண்டும் என்று அடம்பிடித்தால், இன்னாருக்கு, இந்த வேலைக்கு மட்டும், இந்தத் தேதியில் என்று எழுத்துகளின் மீதே குறுக்காக எழுதிக் கொடுக்கலாம்.

எண் போனால் சரி, விரல் ரேகையே போனால்?

2018-ல் தெலங்கானாவின் பெத்தபள்ளி மாவட்டத்தில் சிம் கார்டு விற்பவர் ஒருவர் பிடிபட்டார். விற்பனை இலக்கை எட்ட அவர் கண்டுபிடித்த வழி போலீஸையே அசரவைத்தது. நிலப் பத்திரங்கள் இணையத்தில் கிடைத்தன. அவற்றில் ஆதார் எண்ணும் இருந்தது, கைரேகையும் இருந்தது. ரப்பர் ஸ்டாம்பு செய்வதுபோல அந்த ரேகையை அச்செடுத்து, ஆயிரக்கணக்கான சிம்களுக்கு உயிரூட்டிவிட்டார். பிறகு இதே உத்தி சிம்மிலிருந்து வங்கிக் கணக்குக்குத் தாவியது. கிராமங்களில் கையடக்கக் கருவியோடு வரும் வங்கி முகவரிடம், வங்கியின் பெயரையும் ஆதார் எண்ணையும் சொல்லி விரலை வைத்தால் பணம் கிடைக்கிறதல்லவா? அந்த முறையில் ஓ.டி.பி. கிடையாது, பின் நம்பரும் கிடையாது. அட்டையும் படிப்பும் இல்லாதவர்களுக்காக வந்த நல்ல ஏற்பாடு அது; பூட்டில்லாத கதவாகவும் ஆகிவிட்டது. பத்திரம் பதிந்த சில வாரங்களில் கணக்கிலிருந்து பத்தாயிரம், பத்தாயிரமாகப் போனது என்ற புகார்கள் பல மாநிலங்களில் வந்தன.

கதவுக்குப் பூட்டு உண்டு. ஆதார் செயலியில் அல்லது இணையதளத்தில் கைரேகையையும் கருவிழியையும் பூட்டிவைக்கலாம். பூட்டியபின் அசல் விரலை வைத்தாலும் ஏற்காது. தேவைப்படும்போது சில நிமிடத்துக்கு மட்டும் திறந்துகொள்ளலாம், பிறகு தானே பூட்டிக்கொள்ளும். ஒரே தொல்லை ரேஷன் கடை. அங்கே கைரேகை வைத்துத்தான் அரிசி. பூட்டியதை மறந்துவிட்டு அம்மாவை வரிசையில் நிற்கவைத்தால், கடைக்காரரிடமும் அம்மாவிடமும் பாட்டு வாங்க வேண்டியிருக்கும். மாதத்துக்கு ஒரு தரம் திறப்பது பெரிய வேலையில்லை.

சிம் கார்டு விஷயம் இன்னும் சிக்கலானது. திடீரென்று போனில் சிக்னல் போய், பக்கத்தில் இருப்பவரின் அதே கம்பெனி போனில் சிக்னல் இருந்தால் சந்தேகப்பட வேண்டும். யாரோ நகல் ஆவணங்களைக் காட்டி அந்த எண்ணுக்குப் புது சிம் வாங்கியிருக்கலாம். அதன்பின் வங்கியின் ஓ.டி.பி. எல்லாம் அவர் கைக்கே போகும். இதற்காகத்தான் புது சிம் போட்ட முதல் 24 மணி நேரம் எஸ்.எம்.எஸ். நிறுத்தப்படுகிறது. 2024 ஜூலையிலிருந்து, சிம் மாற்றிய ஏழு நாளுக்குள் வேறு கம்பெனிக்கு எண்ணை மாற்றவும் முடியாது. தன் பெயரில் எத்தனை எண்கள் ஓடுகின்றன என்பதைத் தொலைத்தொடர்புத் துறையின் 'சஞ்சார் சாத்தி' தளத்தில் யாரும் பார்க்கலாம். தெரியாத எண் இருந்தால் அங்கேயே 'இது என்னுடையதல்ல' என்று குறிக்கலாம்.

இவ்வளவும் செய்து, அல்லது எதுவும் செய்யாமல், பணம் போய்விட்டது என்று வைத்துக்கொள்வோம்.

முதல் வேலை, சைபர் மோசடிப் புகாருக்கான உதவி எண் 1930-க்கு அழைப்பது. எதிர்முனையில் கதை கேட்க மாட்டார்கள். எந்த வங்கி, எத்தனை மணிக்கு, எவ்வளவு, பரிவர்த்தனை எண் என்ன என்றுதான் கேட்பார்கள். விவரம் உடனே அந்தந்த வங்கிக்குப் போகும். திருடப்பட்ட பணம் ஒரு கணக்கில் தங்காது. கமிஷனுக்கு வாடகைக்கு விடப்பட்ட கணக்குகள் வழியாக ஒன்று நாலாகி, நாலு பத்தாகிக் கடைசியில் ஏ.டி.எம். வழியே வெளியேறும். வெளியேறுவதற்குள் எந்தக் கணக்கில் கிடக்கிறதோ அங்கே நிறுத்திவைப்பதுதான் 1930-ன் முழு வேலை. மணிக்கணக்கில் அல்ல, நிமிடக் கணக்கில் நடக்கும் ஓட்டம் இது. ஆனால் பலர் முதலில் யோசிப்பது, வீட்டில் எப்படிச் சொல்வது என்பதைத்தான். 'படிச்சவன் இப்படியா ஏமாறுவே' என்ற ஒரு கேள்விக்குப் பயந்து ஒரு ராத்திரி போய்விடுகிறது. நாடாளுமன்றத்தில் உள்துறை அமைச்சகம் சொன்ன கணக்குப்படி, 2024-ல் சைபர் மோசடியில் இந்தியர்கள் இழந்தது 22,845 கோடி ரூபாய். முந்தைய ஆண்டில் அது 7,465 கோடி. இத்தனை பேர் ஏமாந்திருக்கும் விஷயத்தில் கூச்சத்துக்கு என்ன வேலை?

அடுத்து, வங்கிக்கு எழுத்தில் புகார். 2017 ஜூலையில் ரிசர்வ் வங்கி வகுத்த விதி பலருக்கும் தெரியாது. சில கிளைகளில் கவுண்டருக்கு அந்தப் பக்கம் இருப்பவர்களுக்கும் தெரியாது. வாடிக்கையாளரின் தவறு இல்லாமல், மூன்றாம் ஆள் புகுந்து பணம் எடுத்திருந்தால், வங்கியின் தகவல் வந்த மூன்று வேலை நாளுக்குள் புகார் செய்தவருக்கு இழப்பே கிடையாது. நான்கிலிருந்து ஏழு நாளுக்குள் என்றால், சாதாரண சேமிப்புக் கணக்குக்காரர் அதிகபட்சம் 10,000 ரூபாய்தான் ஏற்க வேண்டும். புகார் வந்த பத்து வேலை நாளில் தொகையைத் தற்காலிகமாகக் கணக்கில் வரவு வைக்க வேண்டும். தவறு வாடிக்கையாளருடையது என்றால் அதை நிரூபிப்பது வங்கியின் பொறுப்பு. ஓ.டி.பி.யைத் தானே சொல்லியிருந்தால் கதை வேறு: புகார் செய்யும்வரை போன பணம் அவருடைய நஷ்டம், புகாருக்குப் பின் போவது வங்கியின் நஷ்டம். அதனால்தான் புகார் கொடுத்த நேரம் அச்சில் இருக்க வேண்டும். முப்பது நாளில் பதில் இல்லையென்றாலோ, பதிலில் திருப்தி இல்லையென்றாலோ, ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமின்றி முறையிடலாம்.

நிறுத்திவைக்கப்பட்ட பணம் தானாகத் திரும்பி வந்துவிடாது. நீதிமன்ற உத்தரவு வாங்க வேண்டியிருக்கலாம். காவல் நிலையத்தில் எழுதும் புகாரில் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66சி பிரிவைக் குறிப்பிடலாம்; அடுத்தவர் அடையாளத்தைத் திருடிப் பயன்படுத்துவதற்கு மூன்று ஆண்டு வரை சிறை என்கிறது அது.

ராஜ்குமார் ராவ் மாதிரி வாங்காத கடனில் மாட்டியவர்களுக்கு வேறு பாதை. சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், கிரிஃப் ஹை மார்க் என்ற நான்கு கடன் தகவல் நிறுவனங்களும் வருடத்துக்கு ஒரு முறை முழுக் கடன் அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும். நான்கையும் ஒரே நாளில் வாங்காமல், மூன்று மாதத்துக்கு ஒன்றாக வாங்கினால் வருடம் முழுக்க ஒரு கண் வைத்ததுபோல ஆகும். தெரியாத கடன் இருந்தால் அங்கேயே மறுப்பு பதிய வேண்டும். முப்பது நாளில் தீர்க்காவிட்டால், அதற்குமேல் ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்ற விதி 2024 ஏப்ரலில் அமலுக்கு வந்தது.

பான் எண்ணில் போலி ஜி.எஸ்.டி. பதிவு இருக்கிறதா என்பதையும் ஜி.எஸ்.டி. தளத்தில் பானைக் கொடுத்துத் தேடினால் தெரிந்துவிடும். கூலி வேலை செய்பவர்களுக்குக் கோடிக்கணக்கில் வரி நோட்டீஸ் வந்த செய்திகளுக்குப் பின்னால் இருப்பது இப்படிப்பட்ட பதிவுகள்தான்.

கடன் கொடுத்த நிறுவனம் தவறை ஒப்புக்கொண்டால், 'இந்தக் கடன் இவருடையதல்ல' என்று கடிதமாக வாங்கிப் பத்திரப்படுத்த வேண்டும். வாராக் கடன்களை மொத்தமாக வேறு நிறுவனத்துக்கு விற்பது இந்தத் தொழிலில் வழக்கம். இரண்டு வருடம் கழித்து அதே 2,500 ரூபாய்க்காகப் புது வசூல்காரர் போன் செய்யலாம். விளக்கமெல்லாம் கேட்டுவிட்டு அவர் கடைசியில் சொல்வார்: "சரி சார், அந்த லெட்டரையும் உங்க ஆதார் ஜெராக்ஸையும் வாட்ஸ்அப்ல அனுப்புங்க."