சுண்டுவிரற் சிப்பாய்கள்

"என்னடா இது! பல்கலைக் கழகத்துக்கு வந்த பிறகும் பொம்மை வைத்து விளையாடுகிறாயா?"

விடுதியில் என் அறைக்குள் நுழைந்த நண்பன் கேட்ட முதற் கேள்வி இது. அவன் கேட்டதிலும் தவறில்லை. என் மேசைமீது 24 சிப்பாய்கள் அணிவகுத்து நின்றார்கள். ஒவ்வொருவரும் ஓர் அங்குலத்துக்குச் சற்று மிகுந்த உயரம். கையில் துப்பாக்கி, மார்பில் குறுக்கே தோல்வார், தலையில் பாகை. சிலருக்குச் சட்டை சிவந்திருந்தது. சிலர் இன்னும் வெறும் உலோகமாகவே நின்றார்கள். நண்பனுக்கு அன்று தக்க விடை சொல்ல எனக்கு நா எழவில்லை. அவனுக்குச் சொல்ல நினைத்ததைத்தான் நம் சங்க மலரில் இப்போது எழுதுகிறேன்.

நம்முள் சதுரங்கம் ஆடாதார் மிகச் சிலரே. யானை, குதிரை, காலாள் எல்லாம் அங்கே உண்டு. ஆனால் சதுரங்கத்துக் காலாளுக்கு முகம் இல்லை. வெட்டுண்டால் பலகையை விட்டு நீங்குவான், அவ்வளவே. காலாளுக்கும் முகம் தந்த விளையாட்டு ஒன்று ஐரோப்பாவில் வளர்ந்தது. 1824-ஆம் ஆண்டில் ரைஸ்விட்ஸ் என்னும் பிரஷ்யப் படை அதிகாரி, போர்ப் பயிற்சிக்கென ஒரு விதிநூல் வெளியிட்டார். மேசைமீது நிலப்படத்தை விரித்து, படைகளைக் குறிக்கும் கட்டைகளை நகர்த்தி, பகடை உருட்டி வெற்றி தோல்வி கணிக்கும் முறை அது. இது படை அதிகாரிகளின் பாடம். பிள்ளைகளின் பங்குக்கு 1893-இல் இங்கிலாந்தில் வில்லியம் பிரிட்டன் நிறுவனம் உள்ளீடற்ற ஈயச் சிப்பாய்களை வார்த்துக் குறைந்த விலையில் விற்கத் தொடங்கியது.

பாடத்தையும் பொம்மையையும் ஒன்றாக்கியவர்களுள் முதன்மையானவர், 'காலயந்திரம்' கதை எழுதிய எச். ஜி. வெல்ஸ். 1913-இல் 'லிட்டில் வார்ஸ்' என்னும் சிறு நூலில், வீட்டுத் தரையில் ஈயச் சிப்பாய்களை நிறுத்தி ஆடும் விதிகளை அவர் வகுத்தார். போர் வெறியை வளர்க்கவா எழுதினார்? அன்று. மெய்யான போரைவிட இந்தப் பொம்மைப் போர் எவ்வளவோ மேல் என்பதே அவர் கருத்து. அடுத்த ஆண்டே முதல் உலகப் போர் மூண்டது! பின்னர் 1962-இல் டொனால்டு பெதர்ஸ்டோன் எழுதிய 'வார் கேம்ஸ்' என்ற நூல் இவ்விளையாட்டைப் பலரிடம் கொண்டு சேர்த்தது. 1974-இல் அமெரிக்காவில் 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' ஆட்டமும், 1983-இல் இங்கிலாந்தில் 'வார்ஹாமர்' ஆட்டமும் வந்தன. அவற்றோடு பூதங்களும் பறவை நாகங்களும் குள்ளர் படைகளும் மேசைக்கு ஏறின. இன்று ஈயத்தின் இடத்தை வெள்ளீயக் கலவையும் பிளாஸ்டிக்கும் ரெசினும் பெரிதும் பிடித்துவிட்டன. காலாளின் உயரம் ஏறத்தாழ 28 மில்லிமீட்டர் என்பது பரவலான அளவு. 15, 6 மில்லிமீட்டர் வீரர்களும் உண்டு.

இவ்வுருவங்கள் பெரும்பாலும் வண்ணமின்றியே விற்கப்படுகின்றன. வாங்குபவரே தீட்டிக்கொள்ள வேண்டும். இங்கேதான் இடர் தோன்றுகிறது. வாங்குவது எளிது, தீட்டுவது அரிது. ஆசையால் வாங்கி அட்டைப் பெட்டியில் அடுக்கிய வீரர்கள் ஆண்டுக்கணக்கில் அங்கேயே உறங்குவார்கள். இதனை 'ஈயமலை' என்று இக்கலைஞர்கள் வேடிக்கையாகச் சொல்வதுண்டு. நாம் வாங்கி அடுக்கிய, படிக்காத புத்தகங்களைப் போன்றதே அம்மலையும்!

அம்மலையைக் கரைக்கக் கண்ட வழியே கூட்டு வண்ணப் போட்டி. மேனாடுகளில் குளிர்காலத்தில் வெளியே செல்ல இயலாது. ஆதலால் டிசம்பர் 21 அளவில் தொடங்கி மார்ச்சு 20 அளவில் முடியும் போட்டி ஒன்றைப் பல ஆண்டுகளாக நடத்தி வருகிறார்கள். நம் கணக்கில் மார்கழி முதல் பங்குனி வரை. விதி எளிது. ஒவ்வொருவரும் தம் இலக்கைத் தாமே அறிவிக்க வேண்டும். 28 மில்லிமீட்டர்க் காலாள் ஒருவனை முடித்தால் 5 புள்ளி. குதிரை வீரனுக்கு 10 புள்ளி. முடித்ததைப் படமெடுத்து அனைவருக்கும் காட்ட வேண்டும். பாதி தீட்டியதற்குப் புள்ளி இல்லை. பிறரை வெல்வது இங்கே பெரிதன்று. தாம் சொன்ன சொல்லைத் தாமே காப்பதுதான் பெரிது. அறைக்குள் தனித்திருந்து செய்யும் வேலைதான். எனினும் எங்கோ ஒருவர் இதே இரவில் விளக்கின் கீழ்க் குனிந்திருக்கிறார் என்ற எண்ணம் கையை ஓயவிடுவதில்லை. 24 காலாள், 120 புள்ளி என்று நானும் இலக்குக் குறித்துக்கொண்டேன்.

எப்படித் தீட்டுவது? முதலில் உருவத்தின் வார்ப்பு விளிம்புகளைச் சிறு அரத்தால் தேய்க்க வேண்டும். பிறகு சோப்பு நீரில் கழுவி உலர்த்த வேண்டும். எண்ணெய்ப் பசை இருந்தால் வண்ணம் பிடிக்காது. அடுத்தது பிரைமர். சுவருக்கு அடிப்பதைப் போலவே இதற்கும் மெல்லிய பூச்சு ஒன்று. அதன்மேல் சட்டை, காற்சட்டை, துப்பாக்கி என ஒவ்வொன்றுக்கும் அடிப்படை நிறம். அக்ரிலிக் வண்ணத்தில் நீர் கலந்து மெல்லியதாக இருமுறை பூசுவது நலம். ஒரே முறையில் தடிப்பாகப் பூசினால் முகத்தின் மூக்கும் வாயும் மூடிப் போகும்.

இனி வருவதே கலையின் உயிர். ஓர் அங்குல மனிதனின் சட்டை மடிப்பு மயிரிழை ஆழந்தான். அறை வெளிச்சம் அதில் நிழல் விழச் செய்யாது. ஆகவே நிழலையும் நாமே தீட்ட வேண்டும். 'வாஷ்' எனப்படும் நீர்த்த கருநிறத்தைத் தடவினால் அது பள்ளங்களில் தேங்கி நிழலாகிறது. மேடான இடங்களில் அதே நிறத்தின் வெளிர் வகையைத் தீற்றினால் அங்கே வெயில் படுகிறது. கூத்து மேடையில் அரிதாரம் ஏன் அவ்வளவு மிகையாக இருக்கிறது? தொலைவில் இருப்பவனுக்கும் முகபாவம் தெரியவேண்டும் என்பதற்காக அல்லவா? அதே நியாயந்தான் இங்கும். கடைசியாக, அடித்தட்டில் பெவிகால் தடவி மணல் தூவி, வார்னிஷ் பூசினால் வீரன் களத்துக்கு ஆயத்தம்.

இரண்டு எச்சரிக்கைகள். தூரிகையின் நுனியை நாவால் கூராக்கும் பழக்கம் சிலருக்கு உண்டு, வேண்டவே வேண்டாம். பழைய உருவங்களில் ஈயம் உண்டு. சில வண்ணங்களிலும் நச்சுப்பொருள் உண்டு. மற்றொன்று, கீரிமயிர்த் தூரிகை. கீரி நம் நாட்டில் 1972-ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் காவலில் உள்ள விலங்கு. அதன் மயிரை வாணிகம் செய்வது குற்றம். செயற்கை இழைத் தூரிகையே போதும். நுனி கூராக இருந்தால் சரி.

கற்பனைப் படையைத் தீட்டுவோர்க்கு உரிமை மிகுதி. பூதத்துக்குப் பச்சையா நீலமா என்று யார் கேட்பார்? ஒளி எப்பக்கமிருந்து வருகிறது என்பதில் மட்டும் கலைஞன் தன் சொல்லுக்குக் கட்டுப்பட வேண்டும். வரலாற்றுப் படையைத் தீட்டுவோர்க்கோ அந்த உரிமை இல்லை. அங்கே ஒவ்வொரு நிறமும் ஒரு சான்று. இதை நான் என் 24 சிப்பாய்களிடமிருந்தே அறிந்தேன்.

அவர்கள் யார்? அசாயேப் போரில் நின்ற சென்னை மாகாணச் சிப்பாய்கள். அசாயே என்பது இன்றைய மகாராட்டிர மாநிலத்து ஜால்னா மாவட்டத்தில் உள்ள சிற்றூர். அங்கே 1803 செப்டம்பர் 23 அன்று, பின்னாளில் வெலிங்டன் பிரபு எனப் பெயர் பெற்ற ஆர்தர் வெல்லெஸ்லி, சிந்தியா, போன்ஸ்லே ஆகியோரின் மராட்டியப் படையோடு பொருதார். அவருடைய காலாட்படையில் ஐரோப்பியப் பட்டாளங்கள் இரண்டு. சென்னைப் பட்டாளங்கள் ஐந்து. தமிழகத்திலிருந்தும் ஆந்திரப் பகுதியிலிருந்தும் திரட்டப்பட்டவர்கள் அச்சிப்பாய்களுள் பலர். இன்றும் மெட்ராஸ் ரெஜிமெண்டின் சின்னத்தில் உள்ள யானை, அசாயேயின் நினைவே. கும்பெனியின் கூலிக்காக இந்நாட்டாரோடு பொருதவர்களை எண்ணிப் பெருமை கொள்வதா, வருந்துவதா? எனக்கு இரண்டுமே தோன்றுகின்றன. ஆனால் அவர்களும் நம் ஊர்ப்பக்கத்து மனிதர்கள், அதை மறப்பதற்கில்லை.

சிவப்புச் சட்டையும் வெள்ளைக் குட்டைக் காற்சட்டையும் எளிதில் முடிந்தன. கழுத்துப்பட்டையும் முன்கைப்பட்டையும் பட்டாளத்துக்குப் பட்டாளம் நிறம் மாறும். அதையும் நூலில் தேடிக் கண்டேன். முகத்துக்கு வந்தபோதுதான் திகைத்தேன். 'தோல் நிறம்' என்று எழுதியிருந்த என் குப்பியைத் திறந்தால் உள்ளே இளஞ்சிவப்பு! அது வெள்ளைக்காரன் தோல். என் தோல் அன்று. பழுப்பும் செம்மண் நிறமும் கலந்து நானே ஒன்று செய்தேன். ஒளிபடும் இடத்துக்கு வெள்ளை கலந்தேன். முகம் சாம்பல் பூத்துப் பிணம் போலாயிற்று. வெள்ளையை விட்டு மஞ்சட்காவி கலந்தபோது உயிர் வந்தது. அளவு பார்க்க என் புறங்கையையே விளக்கடியில் வைத்துக்கொண்டேன்.

அடுத்து நெற்றி. குறி இடலாமா, கூடாதா? மயிரிழை அளவுள்ள கோடுதானே என்று எண்ணாதீர்கள். அசாயேக்கு மூன்று ஆண்டு கழித்து, 1806 ஜூலை 10 அன்று, வேலூர்க் கோட்டையில் இதே சென்னைப் படையின் சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்தார்கள். காரணங்கள் பல, அவற்றுள் தலையாயது உடை விதி. நெற்றிக் குறி கூடாது, காதணி கூடாது, தாடி மழிக்க வேண்டும், தோற்சின்னம் பொருத்திய புதுத் தலைப்பாகை அணிய வேண்டும் என்றது கும்பெனி. மறுத்தவர்களுக்குக் கசையடி கிடைத்தது. பின்னர் எழுந்த கிளர்ச்சியிலும் அதை அடக்கியதிலும் நூற்றுக்கணக்கானோர் மாண்டனர். என் சிப்பாய்கள் 1803-ஆம் ஆண்டினர். அவ்விதி பிறக்குமுன் வாழ்ந்தவர்கள். ஆகவே சிலர் நெற்றியில் குறி இட்டேன். சிலருக்குத் தாடி வைத்தேன். பாடநூலில் இரண்டு வரியாகப் படித்துத் தேர்வில் எழுதி மறந்த வேலூர், தூரிகை முனையில் வந்து நின்றபோது என் கை சற்று நடுங்கியது மெய்.

இன்னொரு கணக்கும் சொல்கிறேன். அசாயேயில் அந்த ஒரு நாளில் கும்பெனிப் பக்கத்தில் மட்டும் மாண்டவரும் காயமுற்றவரும் 1,500 பேருக்கு மேல். படிக்கும்போது அது ஓர் எண். எனக்கோ 24 பேரைத் தீட்டி முடிக்க மூன்று மாதம் ஆயிற்று. அந்த வேகத்தில் 1,500 பேரைத் தீட்டப் பதினைந்து ஆண்டுகளுக்கு மேலாகும்! தீட்டவே அத்தனை ஆண்டு என்றால், பெற்று வளர்த்தவர்கள் எத்தனை ஆண்டு செலவிட்டிருப்பார்கள்? தளபதியின் பெயர் நூல்தோறும் இருக்கிறது. சிப்பாயின் பெயரைத் தேடினால் கிடைப்பது அரிது. பெயரைத் தர நம்மால் ஆகாது. ஒரு முகத்தையாவது தரலாம்.

இதுவே நான் நண்பனுக்குச் சொல்ல நினைத்த விடை. பொம்மைதான், ஆனால் ஒரு மணி நேரம் உற்றுப் பார்க்கக் கற்றுத் தரும் பொம்மை. நம் சங்கத்தாரும் வருகின்ற மார்கழியில் இப்படியொரு போட்டி வைத்தால் என்ன? அயல்நாட்டு உருவங்கள் விலை மிக்கவை என்று அஞ்ச வேண்டா. கடைத்தெருவில் உறை போட்டு விற்கும் பச்சைப் பிளாஸ்டிக் சிப்பாய்களே தொடங்குவதற்குப் போதும். ஆளுக்கு ஐந்து உருவம்; பங்குனிக்குள் முடித்துக் காட்ட வேண்டும்; பாதியில் விட்டதற்குப் புள்ளி இல்லை!

பங்குனி பிறந்து சில நாளில் அதே நண்பன் மறுபடி வந்தான். 23 பேர் முடிந்திருந்தார்கள். நெடுநேரம் ஒவ்வொருவராகப் பார்த்தான், வாய் திறக்கவில்லை. பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, "அந்தக் கடைசி ஆளின் முகத்தை நான் தீட்டட்டுமா?" என்றான். தூரிகையை அவனிடம் கொடுத்தேன்.