தூய காற்றின் விலையைக் கொடுப்பவர் யார்?

கைப்பேசியில் விரல் பட்டதும் வாசலில் வந்து நிற்கும் வாடகைக் கார் இன்று நகர வாழ்வின் ஓர் அங்கமாகிவிட்டது. மருத்துவமனைக்கும், இரயில் நிலையத்துக்கும், திருமண வீட்டுக்கும் அது நம்மைக் கொண்டு சேர்க்கின்றது. கட்டணம் எவ்வளவு என்று பார்க்கின்றோம்; எத்தனை நிமிடத்தில் வரும் என்றும் பார்க்கின்றோம். ஆனால் அந்தக் கார் யாருடையது, அதை வாங்கிய கடனை அடைப்பவர் யார், அது கக்கும் புகையைச் சுவாசிப்பவர் யார் என்று எண்ணிப் பார்க்கின்றோமா? புகைவிடும் கார்களை அகற்றி மின்சாரக் கார்களைக் கொண்டுவரப் பெருநகரங்கள் பல முனைந்து நிற்கும் இந்நாளில், இக்கேள்விகளை நாம் தள்ளிவைக்க இயலாது. இவற்றோடு நேருக்கு நேர் போராடிய நகரம் லண்டன். அங்கு நடந்ததைச் சற்று விரிவாகக் காண்போம். நமக்கும் அதில் பாடம் உண்டு.

ஒரு சிறுமியின் மரணம்

தென்கிழக்கு லண்டனில், போக்குவரத்து ஓயாத பெருஞ்சாலை ஒன்றின் அருகே வாழ்ந்தவள் எல்லா அடூ-கிஸ்ஸி-டெப்ரா என்னும் சிறுமி. கடும் ஆஸ்துமாவினால் துன்புற்ற அவள், 2013 பிப்ரவரியில் தன் 9ஆம் வயதில் இறந்தாள். அவளது மரணத்துக்குக் காற்று மாசும் ஒரு காரணம் என்று 2020 டிசம்பரில் மரண விசாரணை அதிகாரி முடிவு கூறினார். பிரிட்டனில் அத்தகைய முடிவு பதிவானது அதுவே முதன்முறை. சாலையில் ஓடும் வண்டிகளின் புகை, வீட்டினுள் உறங்கும் குழந்தையின் நெஞ்சில் சென்று தங்குகின்றது என்பதற்கு இதைவிடத் துயரமான சான்று வேண்டுமோ?

அம்முடிவு வருவதற்கு முன்னரே லண்டன் விழித்துக்கொண்டிருந்தது. 2019 ஏப்ரல் 8 முதல், புகை அளவுக்கு மீறிய பழைய வண்டிகள் நகரின் மையத்தில் நுழைய நாளொன்றுக்கு 12.50 பவுண்டு செலுத்த வேண்டும் என்று விதித்தது. 2021 அக்டோபரில் இவ்வெல்லை விரிந்தது. 2023 ஆகஸ்டில் லண்டன் முழுவதையும் தழுவியது. நகர மையத்தில் நெரிசலுக்காக வாங்கப்படும் வரியிலிருந்து வாடகைக் கார்களுக்கு இருந்த விலக்கும் அதே 2019 ஏப்ரலில் நீங்கிற்று. 2023 தொடக்கத்திலிருந்து புதிதாக உரிமம் பெறும் வாடகைக் கார், சிறிது தொலைவேனும் புகையின்றி ஓடக் கூடியதாக இருத்தல் வேண்டும் என்ற விதியும் வந்தது.

வாடகைக் கார்கள்மீது இத்தனை கவனம் ஏன்? வீட்டுக் கார் பெரும்பகுதி நேரம் நின்றுகொண்டிருக்கின்றது. வாடகைக் காரோ பகலிரவாய் ஓடிக்கொண்டிருக்கின்றது. இத்தகைய கார் ஒன்று மின்சாரத்துக்கு மாறினால், சாதாரணக் கார் மாறுவதைவிட மும்மடங்கு வரை நன்மை கிட்டும் என்று கலிபோர்னியாவில் செய்யப்பட்ட ஓர் ஆய்வு 2020இல் காட்டியது. எனவே, முதலில் மாற வேண்டியவை இக்கார்களே என்பதில் ஐயமில்லை.

சுமை எங்கே விழுந்தது?

ஆயினும், நிறுவனம் கார் வாங்குவதில்லை. ஓட்டுநரே வாங்குகின்றார், அல்லது வாடகைக்கு எடுக்கின்றார். விதி வகுப்பது நகராட்சி. பயன் பெறுவது ஊர் மக்கள். கடன் படுவதோ ஓட்டுநர்! இவர்களுள் பலர் வேற்று நாடுகளிலிருந்து குடியேறி, நாளெல்லாம் உழைத்துக் குடும்பம் காப்பவர்கள். மின்கார் வாங்குவோருக்கு 2011 முதல் பிரிட்டன் அரசு அளித்துவந்த மானியமும் படிப்படியாய்க் குறைந்து 2022 ஜூனில் நின்றுபோயிற்று.

இந்நிலையில் ஊபர் நிறுவனம் ஒரு வழி கண்டது. 2019 தொடக்கத்திலிருந்து லண்டனில் தன் செயலி வழியே நடக்கும் பயணங்களில் மைலுக்கு 15 பென்ஸ் கூடுதலாகப் பயணியிடம் வாங்கிற்று. பத்து மைல் சென்றால் ஒன்றரைப் பவுண்டு. அத்தொகை, மின்கார் வாங்குவதற்கென்றே ஓட்டுநரின் பெயரில் சேர்ந்தது. வாரம் 40 மணி நேரம் ஓட்டுபவருக்கு இரண்டாண்டில் ஏறத்தாழ 3,000 பவுண்டும், மூன்றாண்டில் 4,500 பவுண்டும் சேரும் என்று நிறுவனம் கணக்கிட்டது. 2025க்குள் தன் லண்டன் கார்கள் அனைத்தும் மின்கார்களாகிவிடும் என்றும் உறுதி கூறிற்று.

இத்திட்டத்தின் அடிப்படை நேர்மையானது. பயணம் செய்பவரும் அப்பயணத்தின் புகைக்குப் பொறுப்பாளி என்பதை அது ஏற்றுக்கொண்டது. ஆயிரக்கணக்கான ஓட்டுநர்கள் மின்காருக்கு மாறினர். ஆனால் 2025க்கான இலக்கு நிறைவேறவில்லை. ஏன்?

இரவில் எங்கே மின்னேற்றுவது?

முதற்காரணம், பணம் ஓடிய மைல்களுக்கேற்பச் சேர்ந்தது. பல்லாண்டு ஓட்டியவருக்கு நிறைய. புதிதாய்த் தொழிலுக்கு வந்தவருக்கோ மிகச் சிறிது. நிறையச் சேர்த்தவருக்கும் அது உதவியேயன்றிக் காரின் முழுவிலை அன்று.

இரண்டாவது காரணம் இன்னும் ஆழமானது. வீட்டு முற்றத்தில் காரை நிறுத்தி இரவில் மின்னேற்றுபவருக்கு மின்சாரம் மலிவு. அடுக்குமாடியிலும், முற்றமற்ற வரிசை வீடுகளிலும் வாழும் ஓட்டுநருக்கு அந்த வசதி ஏது? அவர் பொது நிலையத்தைத் தேடிச் செல்ல வேண்டும். வீட்டு மின்சாரத்துக்கு 5 விழுக்காடு வரி. பொது நிலையத்திலோ 20 விழுக்காடு. நெடுங்காலம் இதுவே அங்கு நடைமுறை. முற்றம் உடையவனுக்குக் குறைந்த வரி, இல்லாதவனுக்கு மிகுந்த வரி! அத்துடன், மின்னேற்றக் காத்திருக்கும் ஒவ்வொரு மணி நேரமும் வருமானமற்ற நேரம். இதை உணர்ந்த ஊபர் நிறுவனம், ஓட்டுநர்கள் மிகுதியாக வாழும் ரெட்பிரிட்ஜ், பிரென்ட் முதலிய பகுதிகளில் தெருவோர மின்னேற்றிகள் அமைக்க 50 இலட்சம் பவுண்டு தருவதாக 2021இல் அறிவித்தது. கார் வாங்க உதவுவது மட்டும் போதாது, அவர் வாழும் தெருவுக்கே மின்சாரம் வர வேண்டும் என்பது அனுபவம் புகட்டிய பாடம்.

மூன்றாவதாக, சலுகைகள் நிலைப்பதில்லை. நெரிசல் வரியில் மின்கார்களுக்கு இருந்த முழு விலக்கு, முன்னறிவித்தபடியே 2025 டிசம்பரில் முடிவுற்றது. சலுகை ஓய்ந்த பின்னும் கடன் தவணை ஓய்வதில்லையே!

நம் நாட்டில்

இவையெல்லாம் தொலைதூரச் செய்திகள் அல்ல. தில்லி அரசு 2023 நவம்பரில் அறிவித்த திட்டம், செயலி வழி இயங்கும் வண்டிகள் 2030 ஏப்ரலுக்குள் முற்றிலும் மின்வண்டிகளாக வேண்டும் என்றது. அங்கேயே வேறொரு முயற்சியும் நடந்தது. 2019இல் தொடங்கிய ப்ளூஸ்மார்ட் நிறுவனம், ஓட்டுநரைக் கார் வாங்கச் சொல்லாமல் தானே மின்கார்களை அளித்து ஓட்டச் செய்தது. கடன் பயம் இல்லாத நல்வழி என்று பலர் போற்றினர். ஆனால் அதனோடு தொடர்புடைய வேறொரு நிறுவனத்தின் நிதி முறைகேடு பற்றிச் செபி ஆணை பிறப்பித்ததைத் தொடர்ந்து, 2025 ஏப்ரலில் சேவை நின்றது. ஓட்டுநர்கள் ஆயிரக்கணக்கில் வேலையிழந்தனர். காரும் தமதன்று, நிறுவனமும் இல்லை என்றால் உழைப்பாளி எங்கே போவார்?

நாம் செய்யத்தக்கது

நம் குடும்பங்களிலும் வாடகைக் கார் ஓட்டிப் பிழைப்பவர்கள் உண்டு. மின்காருக்கு மாற எண்ணுவோர் விளம்பரத்தில் மயங்காமல் சிலவற்றைக் கணக்கிடுவது நலம். இரவில் மின்னேற்ற உறுதியான இடம் உண்டா? ஒருமுறை மின்னேற்றினால் ஒருநாள் ஓட்டம் தாங்குமா? மின்கலத்துக்கு எத்தனை ஆண்டு, எத்தனை கிலோமீட்டர் உத்தரவாதம்? சலுகை நின்றாலும் தவணை கட்ட இயலுமா? இவற்றுக்கு விடை கண்டபின் கையெழுத்திடுவதே அறிவுடைமை. பெட்ரோல் செலவு குறைவது உண்மையே. ஆனால் அந்த மிச்சம் தவணைக்கும் வட்டிக்கும் போய்விட்டால் வீட்டுக்கு மிஞ்சுவது என்ன?

பயணம் செய்யும் நமக்கும் கடமை உண்டு. தூய காற்றுக்கென நியாயமாய்க் கேட்கப்படும் சிறுதொகை உண்மையாகவே ஓட்டுநரைச் சேருமாயின், அதை முகம் சுளிக்காது கொடுப்போம். சேருகின்றதா என்று கேட்கவும் தயங்கோம். நம் அடுக்குமாடிச் சங்கத்தில் மின்னேற்றி அமைக்கும் பேச்சு எழும்போது, அங்கு வாடகைக்குக் குடியிருக்கும் ஓட்டுநரையும் நினைவிற் கொள்வோம்.

ஊர் கூடினால்தான் தேர் நகரும். காற்று அனைவருக்கும் பொது. அதைத் தூய்மையாக்கும் செலவும் அனைவருக்கும் பொதுவாதல் வேண்டும். குழந்தைகள் நலமாய் மூச்சுவிடும் நகரம் வேண்டும் என்று விரும்பும் நாம், அதன் விலை முழுவதையும் ஓர் ஓட்டுநரின் மாதத் தவணையில் எழுதிவைப்பது நீதியாகாது.