ஒரு நாள் மட்டும் சைக்கிளுக்குக் கிடைத்த சாலை

புது தில்லி: அமைச்சர்களின் கார்கள் அணிவகுத்து விரையும் இந்தியா கேட் பகுதிச் சாலைகளில், 2010 அக்டோபர் 10-ம் தேதி மட்டும் சைக்கிள்தான் ராஜா. காமன்வெல்த் போட்டியின் ஒரு நாள் சாலை சைக்கிள் பந்தயத்துக்காகப் பொதுப் போக்குவரத்து நிறுத்தப்பட்டு, தலைநகரின் அகன்ற சாலைகள் காலியாக்கப்பட்டன.

2030 காமன்வெல்த் போட்டி ஆமதாபாதில் நடைபெறும் என்று 2025 நவம்பரில் முடிவாகியுள்ள நிலையில், அந்த நாளை நினைவுகூர்வது பொருத்தமானது.

ஆடவர் பந்தயத்தின் தூரம் 168 கி.மீ. ஆஸ்திரேலியாவின் ஆலன் டேவிஸ் தங்கம் வென்றார். நியூஸிலாந்தின் ஹேடன் ரூல்ஸ்டனுக்கு வெள்ளி, ஸ்காட்லாந்தின் டேவிட் மில்லருக்கு வெண்கலம். மகளிருக்கான 112 கி.மீ. பந்தயத்தில் ஆஸ்திரேலியாவின் ரோஷெல் கில்மோர் முதலிடம் பெற்றார்.

சமதளத்தின் கணக்கு: மலையேற்றம் இல்லாத பாதை எளிது எனத் தோன்றும். ஆனால், இங்கு காற்றுதான் எதிரி. முன்னால் செல்பவர் காற்றின் எதிர்ப்பைத் தாங்க, அவரை ஒட்டிப் பின்தொடர்பவருக்கு உழைப்பு வெகுவாகக் குறைகிறது. எனவே, தனியாகப் பிரிந்து செல்பவரைப் பின்னால் வரும் கூட்டம் பெரும்பாலும் பிடித்துவிடும். கடைசிச் சில நூறு மீட்டர் வேகமே முடிவைத் தீர்மானிக்கும். அதுவரை தங்கள் அணியின் வேக வீரரைக் காற்றிலிருந்து காப்பது சக வீரர்களின் பணி.

அப்போதே டூர் டி பிரான்ஸ் பந்தயத்தில் 15 கட்டங்களை வென்றிருந்த மார்க் கேவண்டிஷ், மான் தீவுக்காகத் தில்லியில் களமிறங்கி 7-ம் இடமே பெற்றார். சமதளத்தில் வேகம் மட்டும் போதாது என்பதற்கு இதுவே சான்று.

சாலை யாருக்கு? வாகனங்களுக்கு அல்ல, மனிதர்களுக்கே சாலையில் முன்னுரிமை என்று அறிவித்தது, 2006-ல் மத்திய அரசு ஏற்ற தேசிய நகர்ப்புறப் போக்குவரத்துக் கொள்கை. 2008-ல் தில்லியின் அம்பேத்கர் நகர் - மூல்சந்த் இடையே பேருந்துக்கும் சைக்கிளுக்கும் தனித் தடங்கள் அமைக்கப்பட்டன. கார் வைத்திருப்போரின் கடும் எதிர்ப்பைச் சந்தித்த பேருந்துத் தடம் 2016-ல் அகற்றப்பட்டது.

காமன்வெல்த் போட்டியின்போது விளையாட்டு வாகனங்களுக்கெனச் சாலைகளில் தனித் தடம் வரையப்பட்டது. அதில் நுழைந்தால் ரூ.2,000 அபராதம். அரசு நினைத்தால் சாலையில் ஒரு தடத்தை ஒதுக்கவும், அதைக் காக்கவும் முடியும் என்பதை அது காட்டியது.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, விவசாயமும் வீட்டுத் தொழிலும் சாராத பணியாளர்களில் சுமார் 13 சதவீதம் பேர் சைக்கிளில் வேலைக்குச் சென்றனர். 2022-ல் மட்டும் நாட்டில் சாலை விபத்துகளில் 4,500-க்கும் மேற்பட்ட சைக்கிளோட்டிகள் உயிரிழந்துள்ளனர்.

பந்தய வீரருக்குத் தேவை தடையற்ற, பாதுகாப்பான சாலை. அதிகாலையில் டிபன் பாக்ஸுடன் ஆலைக்குப் புறப்படும் தொழிலாளிக்கும் அதுவேதான் தேவை. முன்னவருக்காக ஒரு நாள் சாலை முழுவதையும் தர முடிந்த அரசுகள், பின்னவருக்காக ஆண்டு முழுவதும் அதன் ஓரத்தையாவது தருமா? ஆமதாபாதில் திட்டங்கள் வரையப்படும்போதே எழுப்ப வேண்டிய கேள்வி இது.