நடுக்கம் முதுமையாலா, மாத்திரையாலா?

லூமுட் வட்டாரத்தில் பால்மரம் சீவி ஓய்ந்த பெரியவர்களில் சிலர், மனநோய்க்காக நாள்தோறும் மாத்திரை உண்கிறார்கள். 1911-இல் தஞ்சோங் ரம்புத்தான் மனநல மருத்துவமனை திறக்கப்பட்டபோது இத்தகைய மாத்திரைகளே இல்லை. 1950-களில் குளோர்புரோமசின் வந்த பிறகுதான் உலகெங்கும் பலர் தேறி வீடு திரும்ப முடிந்தது. ஆகவே மருந்தைப் பழிக்க வேண்டாம்.

ஆனால், வயதானவர்களின் ஈரலும் சிறுநீரகமும் மருந்தை மெதுவாகவே வெளியேற்றும். இளையவருக்கு ஏற்ற அளவு முதியவருக்கு மிகையாகிவிடலாம். கை நடுக்கம், உடல் விறைப்பு, காலைத் தேய்த்து நடப்பது, சும்மாவே வாயை மெல்லுவது, எழுந்ததும் தலைசுற்றி விழுவது, பகலெல்லாம் தூக்கம் ஆகியவற்றை, 'வயதாகிவிட்டது' என்று தள்ளிவிடாதீர்கள்.

மறதி நோயுள்ள முதியவர்களுக்கு இவ்வகைப் புதிய மருந்துகள் மரண அபாயத்தைக் கூட்டுவதாக 2005-இல் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் எச்சரித்தது. 2008-இல் பழைய மருந்துகளுக்கும் அவ்வெச்சரிக்கையை விரிவாக்கியது. 'எதற்காக, எத்தனை நாளுக்கு?' என்று மருத்துவரிடம் தயங்காமல் கேளுங்கள்.

அதற்காக மாத்திரையை நீங்களாகவே நிறுத்திவிடாதீர்கள், நோய் திரும்பக்கூடும். கண்ட குறிகளை எழுதி, உண்ணும் எல்லா மருந்துகளோடும் கிளினிக்குக்குப் போங்கள். அளவைக் குறைக்கலாமா, மருந்தை மாற்றலாமா என்று மருத்துவர் பார்ப்பார். பாட்டி வாய்திறந்து சொல்லமாட்டார். அவருக்காகப் பேச வேண்டியவர் நீங்கள்தான்.