வண்டலை விளைநிலமாக்கிய பியூப்லோ உழவர்

அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் மேசா வெர்டே என்னும் மேட்டு நிலம் உள்ளது. அங்கு ஆண்டு மழை ஏறத்தாழ 450 மில்லிமீட்டரே. மேட்டின் மீது வற்றாத ஆறு எதுவும் இல்லை. ஆயினும் பண்டைய பியூப்லோ மக்கள் பல நூற்றாண்டுகள் அங்கே மக்காச்சோளம், அவரை, பூசணி ஆகியவற்றைப் பயிரிட்டு வாழ்ந்தனர்.

ஓடைகளின் குறுக்கே அவர்கள் கற்களை அடுக்கிச் சிறு தடுப்பணைகளைப் படிவரிசையாக அமைத்தனர். மழை வெள்ளம் அவற்றில் வேகம் தணிந்து, அரித்து வந்த வண்டலை அங்கேயே படியவிட்டது. ஈரங்காக்கும் அவ்வண்டற் படுகைகளே விளைநிலங்களாயின.

வயலுக்கு வளமான வண்டல், நீர்த்தேக்கத்துக்குச் சுமையாயிற்று. கி.பி. 750 முதல் 1100 வரை பயன்பட்ட மோர்ஃபீல்டு தேக்கத்தை மக்கள் சுமை விலங்கோ உலோகக் கருவியோ இன்றித் தூர்வாரினர். வாரிய மண்ணால் கரை உயர்ந்தது. எஞ்சிய வண்டலால் அடித்தளமும் உயர்ந்தது. அதற்கேற்ப நீர்வரத்துக் கால்வாயையும் உயர்த்த நேர்ந்தது. அத்தேக்கம் இன்று ஏறத்தாழ 5 மீட்டர் உயர மேடாக நிற்கின்றது.

1276 முதல் 1299 வரை கடும் வறட்சி நிலவியதை மர வளையங்கள் காட்டுகின்றன. அக்காலத்தில் மக்கள் தெற்கே குடிபெயர்ந்தனர்; அவர்தம் வழித்தோன்றல்கள் இன்றும் நியூ மெக்சிகோவிலும் அரிசோனாவிலும் வாழ்கின்றனர். அணை கட்டுவதோடு பணி முடிவதில்லை. வண்டல் எங்கே தங்க வேண்டும், எங்கே தங்கலாகாது என்பதை ஆண்டுதோறும் கவனித்தலும் நீர்ப் பாதுகாப்பேயாகும்.